பகலில் பாடும் படிகள்

அந்த வீட்டில் அவளுக்கு அண்ணி என்பதே பெயராகிவிட்டிருந்தது. முதலில் அப்படிக் கூப்பிட்டவன் அவள் கணவனின் தம்பி, சின்னவன். அவன் வாய் ஓயாமல் கூப்பிட்டதில் பக்கத்து வீட்டுக்காரர்களும், படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து சாவி செய்து கொடுக்கிறவரும், கடைசியில் தெருவே அவளை அண்ணி என்றது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படிக் கூப்பிட்டபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு இரவு வேலை. ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும், யார் மாடியிலிருந்து விழுந்தாலும், எந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தாலும் அது முதலில் அவள் காதில்தான் வந்து விழும். பதற்றத்தில் இருப்பவர்கள் முகவரியை நேராகச் சொல்வதில்லை. அழுகைக்கும் கூச்சலுக்கும் நடுவிலிருந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல, தெருவையும் கதவு எண்ணையும் பொறுக்கி எடுக்க வேண்டும். விடிந்து வீடு வரும்போது உடம்பைவிடக் காதுதான் அதிகம் களைத்திருக்கும். யாராவது மெதுவாகப் பேசினால்கூடக் கன்னத்தில் தட்டியதுபோல இருக்கும். குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுத்தாளானால் மாலைவரை அவளை எழுப்ப அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. வாய் பெரிது என்று பெயரெடுத்த மாமியார்கூடப் பகலில் பாத்திரங்களைப் பூனை மாதிரிதான் இறக்கி வைப்பார்.

பல வருடங்கள் அப்படியே ஓடின, படிகள் பாடத் தொடங்கும்வரை.

அவர்கள் வீடு ஒரு படிக்கட்டை ஒட்டி இருந்தது. கீழே கடைத்தெரு, மேலே பஸ் ஓடும் சாலை. இரண்டையும் இணைக்கிற அகலமான கல் படிக்கட்டு அது. பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சமதளம். அண்ணியின் அறை ஜன்னல் அந்தச் சமதளத்துக்கு நேராகத் திறந்தது. கையை நீட்டினால் ஏறுகிறவர்களின் பையைத் தொடலாம்.

சின்னவன் படிப்பை முடித்துவிட்டு நெடுநாள் நிலையான வேலையில்லாமல் இருந்தவன். மண்டபங்களில் ஸ்பீக்கர் கட்டுவான். பழைய கீபோர்டுகளைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுவான். மாட்டிய பிறகு நாலு திருகாணி மிச்சம் இருக்கும். ஒலி வடிவமைப்பு என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "அவனுக்கு வர்றது அதுதான். வராததைப் படிக்க வெச்சு என்ன பண்ணப் போறோம்?" என்று கட்டணத்தைத் தானே கட்டினாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒருபோதும் பேசியதில்லை. சின்னவனும் மறந்ததில்லை.

அந்தப் படிப்பு முடிகிற சமயத்தில்தான் நகராட்சி ஒரு திட்டம் அறிவித்தது. ஊர்ப் பொது இடங்களில் போகிற வருகிறவர்கள் எல்லாம் தாங்களே வரையவும் பாடவும் விளையாடவும் ஏதுவாகப் புதிய கருவிகள் வைக்க வேண்டும், யாரிடம் யோசனை இருந்தாலும் வரலாம் என்றார்கள். சின்னவன் யோசனைக்கு எங்கும் போகவில்லை. வாசலுக்கு வந்து படிக்கட்டைப் பார்த்தான். ஒவ்வொரு படிக்கு அடியிலும் ஒரு சென்சார், கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சின்ன ஸ்பீக்கர்கள். கால் பட்டால் படி ஒலிக்கும். ஒரு படி குழல், ஒரு படி மணி, ஒரு படி மத்தளம். நடக்கிறவர்கள் நடையை மாற்றினால் பாட்டு மாறும். வாரம் முழுக்க மக்கள் மிதித்ததை எல்லாம் ஒரு கணினி சேர்த்துவைத்து, அதிலிருந்து ஒரு பாட்டைக் கோத்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் படிக்கட்டே அதைப் பாடும். இதுதான் அவன் யோசனை. இருநூறு பேரைத் தள்ளிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

திறப்பு நாளில் மாமியாருக்குக் கால் தரையில் படவில்லை. படியில் பட்டது, பட்ட இடமெல்லாம் பாடியது. "எம்புள்ள கல்லைப் பேச வெச்சுட்டான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணியும் அன்று தூக்கத்தை விட்டுவிட்டு நின்றாள். சின்னவன் கூட்டத்தில் அவளைத் தேடி வந்து கையைப் பிடித்து, "அண்ணி, நீங்க ஏறுங்க முதல்ல. உங்க நடைக்கு என்ன வருதுன்னு பார்க்கணும்" என்றான். அவள் ஏறினாள். மெல்ல, சோர்ந்த நடை. ஏதோ ஒரு நீளமான தாலாட்டுபோல வந்தது. சின்னவன் கண் கலங்கிவிட்டான். அவளுக்கும் மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்து படுத்தாள். கண் சொருகுகிற நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு தவளை கத்தியது.

சமதளத்துக்கு முந்தின படி அது. எல்லாப் படியும் இனிமையாக இருந்தால் சலித்துவிடும், நடுவில் ஒன்று குறும்பாக இருக்கட்டும் என்று சின்னவன் அதற்குத் தவளைக் குரல் வைத்திருந்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் மிதித்தான், க்ரோங். இன்னொருத்தி இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள், க்ரோங் க்ரோங். அதன் பிறகு வரிசை கட்டி நின்று குதித்தார்கள். பிள்ளைகள் போனதும் காய்கறிப் பையோடு பெரியவர்கள் வந்தார்கள். அவர்கள் குதிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மிதித்தார்கள். மத்தியானம் சாப்பிட வந்த பஸ் ஓட்டுநர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து போட்டி வைத்தார்கள். சாவி செய்கிறவர் வேலை இல்லாத நேரத்தில் எழுந்து வந்து கீழ்ப் படிகள் மூன்றில் மத்தளம் பழகினார். நன்றாகவே பழகினார். ஆனால் அதே இடத்தில் தடுக்கி, அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். அண்ணி படுத்தபடி அவர் தடுக்குகிற இடத்துக்காகக் காத்திருப்பாள். அவர் தடுக்குவார். அவள் புரண்டு படுப்பாள்.

பஞ்சை வைத்துப் பார்த்தாள். தலையணையை மேலே போட்டுக்கொண்டாள். பின்பக்கத்து அறைக்குப் போனால் அது மாமியார் அறை. அங்கேயும் சத்தம் வந்தது, கூடவே மாமியாரின் பெருமூச்சும் வந்தது. சொல்லலாமென்றால் யாரிடம் சொல்வது? கணவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தால் தரையோடு தரையாகக் கிடப்பவன். அவனிடம் ஒரு நாள் மெல்லச் சொன்னாள்.

"தூங்கவே முடியலங்க."

"தெரியுது. உன் கண்ணைப் பார்த்தாலே தெரியுது." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா எப்படிடி சொல்றது அவன்கிட்ட? இப்பத்தான் தலை நிமிர்ந்து நடக்கிறான். கொஞ்ச நாள் போகட்டும். புதுசுல எல்லாரும் ஆடுவாங்க, அப்புறம் அலுத்துடும்."

அலுக்கவில்லை. பத்திரிகையில் படம் வந்தது. மேலத்தெருவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு நடனப் பள்ளிக்கூடமே வந்து ஒரு காலைப் பொழுது முழுக்க ஒத்திகை பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் பாட்டுக்கு நிற்க இடமில்லாத கூட்டம். அந்தப் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை. ஓடிய கால்கள், நொண்டிய கால்கள், சுமையோடு ஏறிய கால்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து, யாரும் போடாத ஒரு மெட்டாகக் காற்றில் வரும்போது அண்ணிக்கே மயிர் கூச்செறியும். இதைப் போய் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்தபடியே நகராட்சியின் புகார் எண்ணை அழுத்தினாள். ராத்திரி முழுக்க ஊரார் அழைப்பை எடுத்து எடுத்துப் பேசுகிறவளுக்கு, தானே ஒரு அழைப்பைப் பேசி முடிக்க வாய் வரவில்லை. மறுமுனையில் ஒரு பெண், "சொல்லுங்க, என்ன புகார்?" என்றாள். அந்தக் குரலிலும் களைப்பு இருந்தது. இவளும் நம்மைப் போல ஒருத்திதானே என்று தோன்றியது. துண்டித்துவிட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து, பணி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிற விடியற்காலையில் அந்த அழைப்பு வந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று ஒருவன் கத்தினான். பழைய மில்லின் பின்சந்து என்றான். அண்ணி மில் சந்து என்று தட்டி வண்டியை அனுப்பிவிட்டாள். பின்சந்து ஒரு பக்கம், மில் சந்து ஊரின் மறு பக்கம். பக்கத்து மேசையில் அழைப்பைக் கூடவே கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அம்மா எழுந்து ஓடிவந்து வண்டியைத் திருப்பினார். வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெரியவரும் பிழைத்துவிட்டார்.

"உனக்கு என்ன ஆச்சு? இத்தனை வருஷத்துல ஒரு தெரு மாறினது கிடையாது" என்றார் மேற்பார்வையாளர்.

"தூக்கம் இல்ல மேடம். எங்க வீட்டுப் பக்கத்துப் படி பாடுது."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "இரண்டு நாள் லீவு எடுத்துக்கோ" என்றார் மிக மென்மையாக. அந்த மென்மை அவளுக்குப் பயமாக இருந்தது.

லீவு எடுத்து வீட்டில் படுத்தால் மட்டும் என்ன? படிக்கு லீவு இல்லையே. அன்று பகல் ஏதோ ஒரு நேரத்தில், சத்தத்தை மீறி உடம்பு தானாகவே அறுந்து விழுந்ததுபோல உறங்கிப் போனாள். அப்படி உறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்றோ, சின்னவன் கதவைத் தட்டினான்.

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்களேன். நகராட்சியிலேருந்து வந்திருக்காங்க."

கூடத்தில் நகராட்சிப் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. காலணியைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் இருந்தார். மாமியார் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். கணவனும் அன்று சீக்கிரம் வந்திருந்தான்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்று தொடங்கினார் பொறியாளர். "படிக்கட்டு சத்தமா இருக்குன்னு புகார் வந்திருக்கு. ஒருதடவை இல்ல, பல தடவை. பேர் சொல்லல. ஒரு பெண் குரல். படிக்கட்டை ஒட்டின வீடுன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. படிக்கட்டை ஒட்டின வீடு இது ஒண்ணுதான். அதான் நேர்ல கேட்டுடலாம்னு."

கூடத்தில் இருந்த கண்கள் எல்லாம் அண்ணி பக்கம் திரும்பின. வீட்டில் பெண் குரல் இரண்டுதான். அதில் ஒன்று, கல்லைப் பேச வைத்த பிள்ளையைப் பெற்ற குரல்.

"அண்ணி?" என்றான் சின்னவன்.

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. நான் இல்லை என்பது உண்மை. ஆனால் நான் இல்லை என்றால் பிறகு யார் என்ற பேச்சு வரும். எதிர்வீட்டைக் கேட்பார்கள், மாடியில் குடியிருக்கிற அக்காவைக் கேட்பார்கள், விசாரணை நீளும், இன்னொரு தடவை டீ போடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் போய்ப் படுக்கலாம்.

"ஆமா. நான்தான்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது முழுப் பொய்யும் இல்லை என்று. இத்தனை நாள் தொண்டையில் நின்றதெல்லாம் அந்த ஒரு வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. "என்னால முடியல. காலையில வந்து படுத்தா கண்ணு மூட விட மாட்டேங்குது. இன்னைக்கு விடியக்காலையில ஒரு உயிரைக் காப்பாத்தப் போற வண்டியை ஊரோட வேற மூலைக்கு அனுப்பிட்டேன். யாரையும் குத்தம் சொல்லல. எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்."

பொறியாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இந்த மாதிரி வீட்டுக் கூடங்களில் இனி என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலும். "பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு நாளைக்குச் சொன்னாப் போதும்" என்று போய்விட்டார். டீ ஆறிக் கிடந்தது.

சின்னவன் கோபத்தில் கத்துகிறவன் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரே வீட்டுல இருக்கோம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. வெளி ஆளுங்ககிட்டயா போய்..." என்று பாதியில் நிறுத்தினான்.

"எப்ப சொல்றது தம்பி? நீ சந்தோஷமா வீட்டுக்கு வர்றப்பவா? அதைத் தவிர நீ வேற மாதிரி வந்தே கிடையாதே இப்பெல்லாம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். படி இறங்கிய சத்தம் ஒவ்வொரு சுரமாகக் கேட்டது. ஒருவன் கோபமாக இறங்குவதைக்கூட அந்தப் படிகள் அழகாகத்தான் சொல்லின.

கணவன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டவனாக டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினான். கடைசியில், "உள்ள போய்ப் படு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். அவன் பேச மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னானே.

மறுநாள் காலை அண்ணி சமையலறைக்கு வந்தபோது மாமியார் அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"நீ எதுக்கும்மா நான்தான்னு சொன்னே?"

"விடுங்க அத்தை. யாரோ ஒருத்தர் சொல்லணுமில்ல."

"சொன்னது நான்."

அண்ணி எடுத்த டம்ளரை அப்படியே வைத்தாள். மாமியார் திரும்பவே இல்லை. அடுப்பைப் பார்த்தே பேசினார்.

"ஒரு நாள் உன் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நீ படுக்கல. கட்டில்ல உக்காந்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு இருந்தே. பைத்தியக்காரி மாதிரி. எனக்குச் சோறு இறங்கல. அன்னைக்கே போன் போட்டேன். அப்புறம் அவங்க வரலன்னு திரும்பத் திரும்பப் போட்டேன்." அடுப்பைத் தணித்துவிட்டுத் தொடர்ந்தார். "பொய் எதுக்குச் சொல்லணும், எனக்கும் தலைவலிதான். அந்தத் தவளை என் மண்டைக்குள்ளயே குடி வந்துடுச்சு."

"ஊரெல்லாம் பெருமை பேசுனீங்களே அத்தை!"

"பேசினேன். பேசாம? எம்புள்ள செஞ்சது. பெருமையும் உண்மை, தலைவலியும் உண்மை."

அண்ணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நேத்து அத்தனை பேர் முன்னாடி நின்னுகிட்டு இருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் தலையில கட்டிட்டீங்களே."

"நான் எங்க கட்டினேன்? நீயா வந்து தலையைக் குடுத்தே. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள!" மாமியார் இப்போதுதான் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "அப்புறம் யோசிச்சேன். பெத்தவ வேணாம்னு சொன்னான்னு தெரிஞ்சா அவன் உடைஞ்சு போயிடுவான். அண்ணி சொன்னான்னா கோவப்படுவான். கோவம் ஆறிடும்."

அது நியாயமா என்று அண்ணி யோசித்துப் பார்த்தாள். நியாயமில்லை. ஆனால் சரியாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் பாரம் எதுவாக இருந்தாலும் வந்து சேர்கிற இடம் தன் தோள்தான் என்பதை அவள் முன்பே கண்டிருக்கிறாள். இதையும் ஏற்றிக்கொண்டாள்.

"சரி, விடுங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

"நீ உக்காரு. நான் ஊத்தித் தர்றேன்" என்று மாமியார் அவள் கீழே வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டார்.

சின்னவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, அண்ணி வேலைக்குத் திரும்பி, முடித்து, வீட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்து வாசலில் நின்றான். தூங்காத முகம். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? இன்னைக்கு ஒரு நாள் உங்க அறையை எனக்குக் குடுங்க. நீங்க மாடி வீட்டு அக்கா அறையில படுங்க, கேட்டு வெச்சிருக்கேன். நான் உங்க கட்டில்ல படுத்துப் பார்க்கிறேன்."

"எதுக்குடா?"

"நான் அந்தப் படியை எல்லாம் நின்னு கேட்டிருக்கேன். நடந்து கேட்டிருக்கேன். படுத்துக் கேட்டதில்ல."

அவள் மாடியில் போய்ப் படுத்தாள். அங்கே சத்தம் பாதியாகத்தான் கேட்டது. ஆனாலும் கீழே அவன் என்ன செய்கிறானோ என்ற நினைப்பிலேயே பாதித் தூக்கம் போயிற்று. மாலையில் இறங்கி வந்தபோது சின்னவன் அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தலையணை காதின் மேல் இருந்தது. அவள் வந்த சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"யாரும் பாட்டு வாசிக்கலண்ணி" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் எவ்வளவு யோசிச்சு சுரம் அடுக்கினேன் தெரியுமா? எந்தப் படியிலேருந்து எந்தப் படிக்குப் போனாலும் அபசுரம் வராது. அதுக்கே ஆறு மாசம் ஆச்சு. ஒருத்தரும் அதைத் தொடல. காலையிலேருந்து தவளை, தவளை, தவளை. அந்தத் தவளையை நான் சும்மா ஒரு வேடிக்கைக்கு வெச்சேன்."

அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் அவளிடம் அன்று பொய் சொல்லும் அளவுக்குத் தெம்பு இல்லை.

"தவளை மட்டும் இல்ல. சாவிக்காரர் மத்தளம் வாசிக்கிறாரே" என்றாள்.

"ஆமா. ஒரு இடத்துல தடுக்கிறாரு."

"தினமும் அங்கதான் தடுக்குவாரு."

"எனக்கு எழுந்து போய்ச் சொல்லிக் குடுத்துடலாமான்னு இருந்தது."

"எனக்கு எழுந்து போய் அடிச்சுடலாமான்னு இருக்கும்."

அவன் சிரித்துவிட்டான். அத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. சிரித்து முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கே இவ்வளவு கோவம் வருதே. நீங்க எப்படி இவ்வளவு நாள்..." என்று இழுத்தான்.

மறுநாளே அவன் நகராட்சிக்குப் போனான். காலையிலிருந்து மாலைவரை படிகள் ஒலிக்காது, கால் பட்டால் படி விளிம்பில் விளக்கு மட்டும் எரியும், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் பாட்டு என்று மாற்ற வேண்டும் என்றான். பொறியாளருக்கு அது பிடிக்கவில்லை. பகலில்தான் வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், பேசாத படியைக் காட்ட அவர்களை எதற்குக் கூட்டி வருவது என்றார். சின்னவன் பிடித்த பிடியை விடவில்லை. யோசனை கொடுத்தவனே குறைக்கச் சொல்வதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. இழுபறிக்குப் பிறகு சம்மதித்தார்கள். அடுத்த வட்டாரத்தில் இதே மாதிரி ஒன்று அமைக்கும் வேலையை அவனுக்குத் தருவதாக இருந்தது, அது மட்டும் எப்படியோ தள்ளிப்போயிற்று. அவன் அதை வீட்டில் சொல்லவே இல்லை. கணவன் வேறு எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

படிகள் வாய் மூடிய முதல் நாள், தெருவே துக்க வீடு மாதிரி ஆனது. "கெட்டுப் போச்சா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சாவி செய்கிறவர் மூன்று படிகளையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்துவிட்டு, விளக்கு எரிவதைப் பார்த்து, "இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கல்யாணமா நடக்குது இங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அண்ணி படுத்தாள். அமைதி. நல்ல அமைதி. கண் சொருகியது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பிள்ளை வாயாலேயே, "டிங்" என்றது.

இன்னொன்று "டொங்" என்றது. ஒன்று படியில் காலை வைக்க, மற்றது விளக்கைப் பார்த்துச் சத்தம் கொடுத்தது. சற்று நேரத்தில் ஆளுக்கு ஒரு படி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். எவன் மேல் படி, எவள் கீழ் படி என்று சண்டை வந்து தீர்ந்தது. ஒரு சின்னப் பெண் தன் படிக்கு ரயில் கூவுகிற மாதிரி ஒரு குரலைத் தானாகவே கண்டுபிடித்தாள். சின்னவன் வைத்த குரல்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து, இறங்கி வருகிற ஒரு பெரியவரின் நடைக்கு ஏற்ப வரிசையாகக் கத்தினார்கள். அவர் வேண்டுமென்றே ஒரு படியைத் தாண்டி, மறுபடி ஏறி, அவர்களைத் தடுமாற வைத்தார். ஒரே கூத்து.

அண்ணி அண்ணாந்து பார்த்தபடி கிடந்தாள். பிறகு எழுந்து, திரையை விலக்கி, ஜன்னலைத் திறந்தாள்.

"ஏய்! தூங்க விடுறீங்களா இல்லையா?"

பிள்ளைகள் உறைந்து போனார்கள். ரயில்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி தூங்குறாங்களாம்டா" என்று ஒருவன் கிசுகிசுத்தான். அந்தச் செய்தி படி படியாகக் கிசுகிசுவாகவே மேலே போயிற்று. கடைசிப் படிக்குப் போனதும் எல்லோருமாகப் பூனை நடையில் ஏறிச் சாலைப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே போய்க் கத்தினார்கள். தூரத்தில் கத்தினார்கள்.

அவள் ஜன்னலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை வாரமாக ஒரு கல்லை எப்படி அதட்டுவது என்று தெரியாமல்தானே தவித்தோம் என்று நினைத்தாள். பிள்ளைகள் நாளைக்கும் வருவார்கள். நாளைக்கும் அதட்ட வேண்டும். அது பரவாயில்லை. அதட்டினால் ஒரு பதில் கிடைக்கிறது.

அன்று மாலை அவள் எழுந்தபோது சின்னவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னாள். ரயில் குரலைச் சொல்லும்போது அவன் இருந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டான்.

"எந்தப் படியில? மேலேயா கீழேயா? எப்படிக் கத்தினா, கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

"என்னடா, நானா?"

"ஒரே ஒரு தடவை."

வேலைக்குக் கிளம்ப நேரமாகிக்கொண்டிருந்தது. தலை இன்னும் கனத்துத்தான் இருந்தது. விட்டுப்போன தூக்கத்தை எல்லாம் ஒரு பகலில் வசூலித்துவிட முடியுமா என்ன? அண்ணி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மாமியார் கதவருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் அண்ணி கையை வாயருகே குவித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, களைத்த தொண்டையில் ஒரு தடவை ரயில் மாதிரி கூவிக் காட்டினாள்.

"இப்படியில்ல, இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தது" என்றாள் பிறகு. "நாளைக்கு நீயே கேட்டுக்கோ." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.